தட்டிப் பார்த்த சனிக்கிழமை

ஜெபராஜ் அண்ணன் ஒரு காலி சோடா கேன் மேல் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தார்.

ஒரு கை என் தோளில், இன்னொரு கை காற்றில். ஒல்லியான மனிதர்தான். இருந்தாலும் முழு ஆள். அந்த முழு ஆளையும் காகிதத்தைவிடக் கொஞ்சமே தடித்த ஒரு தகடு தாங்கிக்கொண்டிருந்தது. கேன் அசையவில்லை, முனகவில்லை.

"பாத்தீங்களா அங்கிள், தாங்குது. ஏ சகாயம், இப்ப ரெண்டு பக்கமும் விரலால லேசா ஒரு தட்டு தட்டுடே."

நான் குனிந்து இரண்டு ஆள்காட்டி விரல்களாலும் தட்டினேன். ஈ உட்கார்ந்தால் விரட்டுவோமே, அவ்வளவு மெதுவாகத்தான். டப்பென்று ஒரு சத்தம். கேன் அப்பம் மாதிரித் தட்டையாகிவிட்டது. அண்ணன் படி தவறியவர்போலக் கீழே இறங்கி நின்று சிரித்தார்.

சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். எல்லோரையும்விடப் பலமாகத் தட்டியவர் ஞானமுத்து சார். நாகர்கோவில் பக்கம் தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். மகளைப் பார்க்க டெக்சஸ் வந்திருந்தார். மகள் மெர்சி ஹூஸ்டனில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். இராப் பணி முடித்து நேராக வந்திருந்ததால் கண் சிவந்து, அப்பாவுக்குப் பின்னால் சுவரில் சாய்ந்து நின்றாள்.

அவர்கள் அன்று எங்கள் பட்டறைக்கு வந்தது கேன் நசுங்குவதைப் பார்க்க அல்ல. என்னைப் பார்க்க.

அரிப்பு தந்த வேலை

ஹூஸ்டன் துறைமுகத்தில் கப்பலை விட்டு இறங்கி நடந்ததையும், திரும்பிப் போகாததையும் முன்பே எழுதிவிட்டேன். அதற்குப் பிறகு கொஞ்ச காலம் நியூ ஜெர்சியில் இருந்தேன். பிளெய்ன்ஸ்பரோவில் ஒரு அபார்ட்மெண்ட், அதன் ஹாலில் கார்பெட், கார்பெட்டில் நாங்கள். படித்தவர்கள் படுக்கையறையில் படுத்தார்கள். அவர்கள் காலையில் பிரின்ஸ்டன் ஜங்ஷனுக்கு ரயில் பிடிக்க ஓடும்போது என்னைத் தாண்டித்தான் ஓடவேண்டும். யாரும் மிதித்ததில்லை. குளிர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. கையுறை வாங்குவதற்குப் பதிலாக பஸ் டிக்கெட் வாங்கினேன். மூன்று நாள் உட்கார்ந்தே டெக்சஸுக்குத் திரும்பினேன்.

எனக்குத் தெரிந்த ஒரே தொழில் ஃபைபர் படகு. ஒன்பதாம் வகுப்பில் தோற்றபிறகு தூத்துக்குடியில் ஒரு படகுப் பட்டறையில் அதைத்தான் செய்தேன். கண்ணாடி இழைத் துணியை அச்சின்மேல் விரித்து, பிசின் தடவி, உருளையால் தேய்த்து, காய்ந்ததும் உரித்தெடுக்க வேண்டும். டெக்சஸ் கடலோரத்திலும் அதே வேலை கிடைத்தது. மொழிதான் வேறு, அரிப்பு ஒன்றுதான்.

அந்த அரிப்பைத் தெரியாதவர்களுக்குச் சொல்லவேண்டும். அறுபட்ட இழைத் தூள் தோலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். கண்ணுக்குத் தெரியாது. வெந்நீரில் கழுவினால் இன்னும் உள்ளே போகும். பச்சைத் தண்ணீரில்தான் கழுவ வேண்டும். முழங்கை மடிப்பிலும் கழுத்திலும் தடித்துச் சிவந்து நிற்கும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் ஒரு வீட்டில் தமிழ் ஜெபக்கூட்டம் நடக்கும். ஜெபம் முடிந்தால் சாப்பாடு உண்டு. நான் முக்கியமாக இரண்டாவதற்காகத்தான் போனேன். அங்கேதான் வீட்டுக்காரர் ஜெபராஜ் அண்ணன் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"கிளாஸ் ஃபைபரா?"

"ஆமாண்ணே. படகு செய்யிற இடத்துல."

"கார்பன் ஃபைபர் தொட்டிருக்கியா?"

"இல்லண்ணே."

"அதுவும் அரிக்கும். ஆனா ஏ.சி. உண்டு. வாரியா?"

பாளையங்கோட்டைக்காரர். டாக்டர் பட்டம் வாங்கிய இன்ஜினியர். கிளைட் என்ற டெக்சஸ்காரர் நடத்திய சின்ன கம்பெனியில் கணக்குப் போடுகிறவர் அவர் ஒருவர்தான். நான் ஒட்டுகிறவன் ஆனேன். சொன்னபடி ஏ.சி. இருந்தது. என்னிடம் இருக்கவேண்டிய காகிதங்கள் இல்லை என்பதைக் கிளைட் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை.

கறுப்புத் துணி

நாங்கள் செய்தது உருளைகள். விண்வெளிக்குப் போகிற எதன் வயிற்றிலோ வைக்கப்போகிறார்கள் என்று சொன்னார்கள். இடுப்பு உயரம், கட்டிப்பிடித்தால் இரண்டு கையும் சேராத சுற்று, உள்ளே ஒன்றுமில்லை. சுவர் மட்டும்தான். அந்தச் சுவரும் தோசையைவிட மெலிசு.

துணி ஃப்ரீசரில் இருக்கும். பிசின் ஏற்றிய கறுப்புத் துணி; இழையும் பிசினும் சேர்ந்த இந்தப் பொருளைக் கம்போசிட் என்பார்கள். வெளியே எடுத்து, குளிர் விட்டதும் வெட்டி, அச்சின்மேல் சுற்றவேண்டும். ஒரு அடுக்கு நேராக, அடுத்தது குறுக்காக, அதற்கடுத்தது சாய்வாக. எந்தப் பக்கம் இழை ஓடுகிறதோ அந்தப் பக்கம்தான் அதற்குப் பலம். மற்றப் பக்கம் கிழிந்துவிடும். அதனால்தான் இத்தனை திசை. அடுக்குக்கு நடுவில் காற்றுக் குமிழ் நிற்கக்கூடாது, சுருக்கம் விழக்கூடாது. கடைசியில் பையில் போட்டுக் காற்றை உறிஞ்சி, அடுப்பில் வேகவைக்க வேண்டும்.

ஒரு நாள் மத்தியானம் அண்ணனிடம் கேட்டேன். "இவ்வளவு மெலிசா எதுக்குண்ணே? இன்னும் நாலு சுத்து சுத்துனா என்ன?"

"மேல அனுப்புறவனுக்கு ஒவ்வொரு சுத்தும் பாரம்டே."

"அப்ப உடையாதா?"

"உடையாது. அதுக்கு முன்னாடியே மடங்கிரும். அதான் விஷயம். பொருள் ஸ்ட்ராங்காத்தான் இருக்கும். ஷேப் விட்டுக் குடுத்துரும்."

பிறகு சாப்பாட்டு டப்பாவை ஒதுக்கி வைத்துவிட்டு ஒரு விஷயம் சொன்னார். மெலிசான உருளை எவ்வளவு தாங்கும் என்று காகிதத்தில் கணக்குப் போடலாம். ஆனால் நிஜத்தில் அதில் பாதி தாங்கினாலே பெரிய காரியமாம். ஏனென்றால் காகிதத்தில் இருக்கிற உருளையில் பள்ளம் இல்லை, மேடு இல்லை. கையால் செய்ததில் ஏதாவது இருக்கும். தகட்டின் கனத்துக்கும் குறைவான ஒரு குழிவு எங்கேயாவது இருந்தால் போதும். பாரம் ஏற ஏற அது அந்த இடத்தைத் தேடிப் போகும்.

"எங்கன்னு முன்னாடியே தெரியாதா?"

"தெரிஞ்சா எனக்கு எதுக்குடே இந்த வேலை?"

எஸ்தர் அக்கா சொன்னது

கிளைட்டுக்கு ஒரு பழக்கம் இருந்தது. பெரிய உருளையைப் பரிசோதிக்கிற நாளைச் சனிக்கிழமையில் வைப்பார். வேலை செய்கிறவர்கள் குடும்பத்தோடு வரலாம். முதலில் எல்லோரும் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்று உருளை எவ்வளவு தாங்குகிறது என்று பார்ப்பது, பிறகு பின்பக்கம் இறைச்சி சுட்டுச் சாப்பிடுவது.

எனக்குக் குடும்பம் இல்லை. எஸ்தர் அக்கா அந்தக் குறையைத் தீர்க்க முடிவு செய்திருந்தார். ஜெபராஜ் அண்ணனின் மனைவி. யாருக்குப் பெண் வேண்டும், யாருக்கு அடுப்பு ரிப்பேர், எல்லாம் அவருக்குத் தெரியும். மெர்சிக்கு முப்பது தாண்டிவிட்டது, தங்கைகளைக் கட்டிக்கொடுத்துவிட்டு நிற்கிறாள், அப்பா இந்தியா திரும்புவதற்குள் எதையாவது முடிக்கவேண்டும் என்று நினைக்கிறார் என்று சொல்லியிருந்தார். மெர்சியை நான் ஜெபக்கூட்டத்தில் மூன்று நான்கு முறை பார்த்திருக்கிறேன். பாட்டுப் பாடும்போது கண்ணை மூடமாட்டாள். எனக்கு அது பிடித்திருந்தது. அவளிடம் கிரீன் கார்டு இருந்ததும் எனக்குத் தெரியும். அது என் மனதில் இல்லை என்று எழுதினால் பொய்.

அன்று காலை கார் நிறுத்துமிடத்தில் அக்கா என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"சகாயம், நகமெல்லாம் கிளீன் பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேங்க்கா." அசிட்டோனில் தேய்த்துத் தேய்த்து விரல் நுனி வெளுத்திருந்தது.

"நல்லது. அங்கிள்கிட்ட நீ ஏரோஸ்பேஸ்ல இருக்கன்னு சொல்லிருக்கேன்."

"என்னக்கா சொல்லிருக்கீங்க?"

"ஏரோஸ்பேஸ்ல இருக்கியா இல்லியா? கம்போசிட் ஸ்பெஷலிஸ்ட்னு சொன்னேன். நீதானே ஸ்பெஷலிஸ்ட், இங்க வேற எவனாவது ஒட்டுறானா? இன்ஜினியர்னு நான் வாயைத் தொறந்து சொல்லவே இல்ல. அவங்களா எடுத்துக்கிட்டாங்க."

"அக்கா, நான் ஒன்பதாவது ஃபெயில்க்கா."

"அத யாரு கேட்டா? கேக்காததுக்கு எதுக்குப் பதில்? மெதுவா சொல்லிக்கலாம். மொதல்ல அவங்களுக்கு உன்னப் பிடிக்கட்டும்."

அதற்குள் அவர்கள் கார் வந்துவிட்டது. ஞானமுத்து சார் இறங்கி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, என்னைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"வாங்க இன்ஜினியர் தம்பி. சொகமா இருக்கியளா?"

நான் "சுகம் சார்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். சிரிப்பு என் முகத்தில் தானாக வந்து உட்கார்ந்தது. என் வாழ்க்கையில் அதற்கு முன்னால் யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது என்பதை எழுத இந்த வயதிலும் கூச்சமாக இருக்கிறது.

ஊர் கேட்டார், சபை கேட்டார், யாருடைய மகன் என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் உண்மையான பதில் சொன்னேன். கல்லூரியைக் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு நெருங்கி வந்தார். அப்போதுதான் ஜெபராஜ் அண்ணன் சோடா கேனோடு வந்து காப்பாற்றினார்.

மோதிரம்

கேன் வேடிக்கை முடிந்ததும் கிளைட் அண்ணனை உள்ளே கூப்பிட்டார். எஸ்தர் அக்கா தட்டுகளை எடுத்துவைக்கப் போனார். மற்றவர்கள் தடுப்புக்குப் பின்னால் போய் இடம்பிடித்தார்கள். அந்த இடத்தில் நாங்கள் மூன்று பேர்: நான், மெர்சி, அவள் அப்பா. பக்கத்தில் பெரிய அழுத்து இயந்திரம். அதன் இரண்டு இரும்புப் பலகைகளுக்கு நடுவே கறுப்பாக, பளபளவென்று உருளை.

"இதும் அந்த டப்பா மாதிரித்தானா?" என்று கேட்டார்.

"மாதிரித்தான் சார். கொஞ்சம் பெருசு."

"நீங்க செஞ்சதாக்கும்?"

"ஆமா சார்."

அவர் உருளையைச் சுற்றி வந்தார். நம் ஆட்கள் பானை வாங்கினாலும் பலாப்பழம் வாங்கினாலும் செய்கிற காரியம் ஒன்று உண்டு. அதை அவரும் செய்தார். விரலை மடக்கித் தட்டினார். டங் என்றது. இன்னொரு தட்டு. டங்.

"அப்பா, தொடாதீங்கப்பா" என்றாள் மெர்சி.

"வானத்துக்குப் போற சாமான் மக்ளே. ஒரு தட்டுக்குத் தாங்காதா?"

மூன்றாவது தட்டு பலமாக விழுந்தது. அவர் விரலில் கனமான ஒரு தங்க மோதிரம் இருந்தது, மேலே சிலுவை பொறித்தது. ஓய்வு பெறும்போது அலுவலகத்தில் போட்டதாம். அது பட்டது. சத்தம் இந்த முறை டங் என்று வரவில்லை, சொத்தென்று வந்தது.

நான் "சார், வேண்டாம் சார்" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன். கெஞ்சுகிறவனுக்கும் கண்டிக்கிறவனுக்கும் நடுவில் ஒரு குரல். அவர் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டு என் முதுகில் தட்டிவிட்டு நகர்ந்தார்.

நான் அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. வழவழவென்றுதான் இருந்தது. ஓடிப்போய் அண்ணனிடம் சொல்லியிருக்கலாம். என்ன சொல்ல? 'மாமனார் தட்டிவிட்டார்' என்றா? மெர்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தலையை ஆட்டி, ஒன்றுமில்லை என்று சைகை காட்டினேன்.

இயந்திரம் ஓடத் தொடங்கியது. பாரம் ஏறும்போது கறுப்பு உருளை பேசும். எங்கேயோ ஒரு இழை அறும், டிக் என்னும். கொஞ்ச நேரம் மௌனம். மறுபடி டிக். அண்ணன் அளவுகளைச் சத்தமாக வாசித்துக்கொண்டே வந்தார். காகிதக் கணக்கில் பாதியை எதிர்பார்த்திருந்தார். அதிலும் பாதிக்குக் கொஞ்சம் மேலே போயிருக்கும்.

துப்பாக்கி வெடித்ததுபோல ஒரு சத்தம். ஒரு குழந்தை அழுதது. பார்த்தால் உருளையின் இடுப்பைச் சுற்றிச் சாய்சதுரமாக மடிப்பு மடிப்பாக விழுந்திருந்தது. முந்தின நொடி இருந்த வடிவம் இல்லை. வளைந்ததையோ சரிந்ததையோ யாரும் பார்க்கவில்லை. இருந்தது, இல்லாமல் போனது.

ஒட்டுகிற வேலை

கிளைட் தடுப்பைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். மடிப்புகளில் எது ஆழமானது என்று தேடி ஒரு இடத்தில் விரலை வைத்தார். எந்த இடம் என்று நான் பார்க்காமலே எனக்குத் தெரிந்தது.

"இங்கேதான் ஆரம்பித்திருக்கிறது. ஏன் இங்கே?"

ஜெபராஜ் அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கணக்குப்படி இங்கே ஆரம்பிக்கக் காரணமில்லை. இந்த இடத்தில் ஏதோ இருந்திருக்கிறது" என்றார். என்னைப் பார்க்காமல்தான் சொன்னார். மற்ற எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"சாம், இங்கே என்ன செய்தாய்?" கிளைட்டுக்கு என் பெயர் வாயில் நுழையாது.

ஞானமுத்து சார் மோதிரக் கையைப் பேண்ட் பைக்குள் விட்டிருந்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்பது அந்தக் கையிலிருந்து எனக்குப் புரிந்தது. ஊரில் ஜீப்பில் போனவர், இங்கே மகள் வீட்டில் மைக்ரோவேவ் போடத் தெரியாமல் உட்கார்ந்திருப்பவர். அத்தனை வெள்ளைக்காரர்கள் முன்னால் அவர் பெயரைச் சொன்னால் அந்தக் கல்யாணம் அங்கேயே முடிந்துவிடும். அவர் தலையும் கவிழும், மெர்சியும் சேர்ந்து கவிழ்வாள்.

"சுருக்கம் விட்டிருப்பேன். என் கைத் தப்புதான்" என்றேன்.

கிளைட் கெட்ட மனிதர் அல்ல. மாதக்கணக்கான வேலை போன கோபம். அவர் ஆங்கிலத்தில் கத்தியதைச் சுருக்கமாகத் தமிழில் எழுதுகிறேன். "துணி ஒட்டத்தான் உனக்குச் சம்பளம். உன்னிடம் கணக்குக் கேட்டேனா? படம் வரையச் சொன்னேனா? படிக்காதவன் என்று தெரிந்துதான் எடுத்தேன். ஒட்டுகிற ஒரு வேலை, அதையாவது ஒழுங்காக ஒட்டத் தெரியாதா உனக்கு?"

தாசில்தாருக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும்.

அவர் மெதுவாக எஸ்தர் அக்கா பக்கம் திரும்பினார். "ஒட்டுற வேலையா? இன்ஜினியர்னுல்லா சொன்னிய?"

"அது வந்து அங்கிள், இங்க எல்லாம் டெக்னீசியன்னாலே..."

"செரி, செரி. விடுங்க."

அவ்வளவுதான் பேசினார். சத்தம் போடவில்லை. பையிலிருந்து கையை எடுத்து மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். இப்போது அந்தக் கையை ஒளிக்கவேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

திங்கட்கிழமை அண்ணன் அந்த இடத்தை மட்டும் அறுத்தெடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். அடுக்கு விட்டுப் பிரிந்திருந்தது. அடியினால் பிரிந்ததா, ஒட்டும்போதே குமிழ் நின்றதா என்று கேட்டேன். "மடங்குனதுக்கு அப்புறம் ரெண்டும் ஒண்ணு போலத்தான் தெரியும்டே" என்றார். பிறகு என்னை ஒரு நிமிடம் பார்த்தார். "அடியா? என்ன அடி?" நான் ஃப்ரீசரைத் திறந்து துணியை எடுத்தேன். கிளைட் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. வேறு ஒட்டுகிறவன் கிடைக்கவில்லை. நானாகத்தான் சில மாதங்களில் கலிஃபோர்னியா பக்கம் கிளம்பினேன்.

ஆகையால் என் கை சுத்தம் என்றுகூட என்னால் உறுதியாகச் சொல்லமுடியாது. சுருக்கம் என்னுடையதாகவே இருந்திருக்கலாம். நான் தியாகம் என்று நினைத்துச் சொன்னது வெறும் உண்மையாகவும் இருந்திருக்கலாம்.

ஆனால் அந்தச் சனிக்கிழமை மத்தியானம் எனக்கு அந்தச் சந்தேகம் இல்லை. பின்பக்கம் புகை வாசத்தில் உட்கார்ந்து எல்லோரும் சாப்பிட்டோம். நான் அவரைக் காப்பாற்றிவிட்டேன், மெர்சி அதைப் பார்த்தாள், ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தேன். அப்பாவிடம் சொல்லவேண்டாம். என்னிடம் ஒரு வார்த்தை. அப்படிக் காத்திருந்ததுதான் எனக்கு இன்றும் கிளைட்டின் கத்தலைவிட அதிகம் உறுத்துகிறது. அவள் தட்டில் இருந்த சோளத்தை ஒவ்வொரு மணியாக உதிர்த்துத் தின்றுகொண்டிருந்தாள்.

கிளம்பும்போது ஞானமுத்து சார் காரின் டிக்கியைத் திறந்துவைத்தார். அவர்கள் ஜூஸும் தண்ணீரும் கொண்டுவந்த ஐஸ் பெட்டி மரத்தடியில் இருந்தது. பெரியது, இரண்டு பக்கமும் பிடி வைத்தது. அவர் சுற்றிலும் பார்த்தார். அண்ணன் இருந்தார், கிளைட்டின் இரண்டு மகன்கள் இருந்தார்கள்.

"ஏய் சகாயம், அந்தப் பெட்டியத் தூக்கி வண்டியில வை."

"சரிங்க சார்" என்றேன். யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொல்லியது. காலையில் சிரிப்பு வந்த மாதிரியே.

நான் ஒரு பிடியைப் பிடித்துத் தூக்கும்போது மறுபக்கம் லேசாயிற்று. மெர்சி இன்னொரு பிடியைப் பிடித்திருந்தாள். என்னைப் பார்க்கவில்லை, பெட்டியைத்தான் பார்த்தாள். இருவருமாக நான்கைந்து அடி நடந்தோம். அவள் உதடு அசைந்தது. அதற்குள் அவள் அப்பா குரல் கொடுத்தார்.

"நீ எதுக்கு மக்ளே? ராத்திரி பூரா நின்னுருக்க. விடு, அவன் தூக்குவான்."

அவள் விட்டுவிட்டாள்.

பெட்டி என் பக்கம் சாய்ந்தது. மூடி திறந்து, உருகிய ஐஸ் தண்ணீர் முழுவதும் என் கால்சட்டையிலும் ஷூவிலும் கொட்டியது. காலையில் பாலிஷ் போட்ட ஷூ. தண்ணீர் போனதும் பெட்டியில் பாரமே இல்லை. நான் அதை ஒரே கையில் தூக்கிக்கொண்டு போய் வண்டியில் வைத்தேன்.